'எ லிட்டில் பிரின்சஸ்': பிள்ளைகளோடு வாசிக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வார இறுதிகளில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். இந்த ஒரு கதையை எடுத்தால் மட்டும் பெற்றோரிடமிருந்து கேள்விகள் குவிந்துவிடும். வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துப் போக வரும்போது ஒன்று, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது ஒன்று, இரவு வாட்ஸ்அப்பில் இன்னொன்று. பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதையின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். முதலில் வாசித்துவிட்டு வர நினைப்பவர்கள் அப்புறம் வாருங்கள்.

இது 'குட்டி இளவரசன்' கதைதானே? வீட்டுல ஏற்கெனவே இருக்கே?

இல்லை, அது வேறு. பாலைவனத்தில் விமானியைச் சந்திக்கும் சிறுவனின் கதை 1943-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கதை. இது ஒரு சிறுமியின் கதை, நடப்பது லண்டனில். எழுதியவர் பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட். இப்போது நாம் வாசிக்கும் முழு நாவல் வெளியான ஆண்டு 1905. 'தி சீக்ரெட் கார்டன்' எழுதியவரும் இவர்தான்.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க. எனக்கு முழுசா படிக்க நேரமில்லை.

இந்தியாவில் வளர்ந்த ஏழு வயது சாராவை அவள் அப்பா கேப்டன் குரூ லண்டனுக்குக் கூட்டிவந்து, மிஸ் மின்சின் நடத்தும் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார். அம்மா அவள் பிறந்தபோதே இறந்துவிட்டாள். அப்பாவிடம் பணம் நிறைய. ஆகவே சாராவுக்குத் தனி அறை, பிரெஞ்சுப் பணிப்பெண், குட்டிக் குதிரை, விலையுயர்ந்த பொம்மை என்று எல்லாமே தனி. பள்ளியின் பெருமையே இவள்தான் என்று மிஸ் மின்சின் ஊருக்குக் காட்டிக்கொள்கிறாள்.

பதினோராவது பிறந்தநாள் விருந்து நடக்கும்போது வழக்கறிஞர் ஒருவர் வந்து சேதி சொல்கிறார். நண்பரை நம்பி வைரச் சுரங்கத்தில் எல்லாப் பணத்தையும் போட்ட அப்பா, காய்ச்சலில் இறந்துவிட்டார், காசு ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றிரவே சாரா பரணுக்கு அனுப்பப்படுகிறாள். எலி ஓடும் அந்தப் பரணில் படுத்து, கடைக்கு ஓடி, சமையற்காரியிடம் திட்டு வாங்கி, சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பிரெஞ்சும் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் நோயாளிக் கனவான் கேரிஸ்ஃபோர்ட்தான் அந்தச் சுரங்க நண்பர். சுரங்கம் உண்மையில் நஷ்டமாகவில்லை. குற்ற உணர்ச்சியோடு சாராவை ஐரோப்பா முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் அவருக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேலைக்காரச் சிறுமிதான் அவள் என்று கடைசியில்தான் தெரிகிறது.

அப்போ அவ நிஜமாவே இளவரசி இல்லையா? என் பொண்ணு ஏமாந்துட்டா.

இல்லை. கிரீடமும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. பணக்காரியாக இருக்கும்போது விளையாட்டாகத் தன்னை இளவரசி என்று நினைத்துக்கொள்வாள், அதை மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். கந்தல் உடுத்திய பிறகு அந்த நினைப்பை அவள் விடாமல் பிடித்துக்கொள்கிறாள். மிஸ் மின்சின் காதோடு சேர்த்து அறையும்போதும் திருப்பிக் கத்தாமல் நிற்க அதுதான் அவளுக்கு உதவுகிறது.

உங்கள் மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு இளவரசிபோல நடப்பது கஷ்டமா, பசியோடு அப்படி நடப்பது கஷ்டமா? ஏமாற்றம் அப்போதே பாதி குறைந்துவிடும்.

எந்த வயசுல படிக்கலாம்? என் பையன் தொடக்கநிலை 2. பொண்ணுங்க கதைங்கிறான் வேற.

தானாக வாசிப்பதென்றால் தொடக்கநிலை 5 வரை பொறுங்கள். வாக்கியங்கள் நீளம், ஆங்கிலமும் நூறு வருடத்துக்கு முந்தையது. வாசித்துக் காட்டுவதென்றால் தொடக்கநிலை 2 பிள்ளையும் ரசிப்பான். மொத்தம் 19 அத்தியாயங்கள். இரவுக்கு அரை அத்தியாயம் போதும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசித்து, அதைத் தமிழில் உங்கள் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அப்பா சாகும் இடத்தை மட்டும் தூங்கப்போகும் நேரத்தில் வாசிக்காதீர்கள்.

பையன்கள் விஷயம்: மெல்கிசெடெக் என்று பெயர் வைத்த எலியும், கூரைச் சன்னல் வழியாகத் தாவி வரும் குரங்கும் வரும்வரை உட்கார வையுங்கள். அதற்குப் பிறகு எழுந்து போன பையனை நான் பார்த்ததில்லை.

புத்தகம் எங்க கிடைக்கும்? வாங்கணுமா?

வாங்க வேண்டியதில்லை. பொது நூலகங்களில் இருக்கும். ஆசிரியர் 1924-இல் காலமானதால் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது, புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழு நூலும் இலவசம். ஒரு எச்சரிக்கை: 'சாரா குரூ' என்ற பெயரில் மெலிந்த புத்தகம் ஒன்றும் உண்டு. அது 1888-இல் வந்த மூலக் குறுங்கதை. பர்னெட் அதை நாடகமாக்கி, அப்புறம் நாவலாக விரித்தார். பெக்கி என்ற வேலைக்காரச் சிறுமி அந்தக் குறுங்கதையில் கிடையாது. அவள் இல்லாமல் இந்தக் கதையைப் படிக்கக் கொடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

படம் பார்த்துட்டோம். புத்தகமும் படிக்கணுமா?

படிக்கவேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கதை. 1939-இல் ஷெர்லி டெம்பிள் நடித்த படத்திலும் சரி, 1995-இல் அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த படத்திலும் சரி, அப்பா உயிரோடு திரும்பிவிடுகிறார். புத்தகத்தில் அப்பா இறந்தது இறந்ததுதான். பணம் திரும்புகிறது, அப்பா திரும்புவதில்லை. அந்த இழப்போடு ஒரு பிள்ளை எழுந்து நடப்பதுதான் கதையின் கனம்.

1995 படத்தில் ஒரு மாற்றம் எனக்குப் பிடித்தது. அங்கே பெக்கியும் சாராவோடு மகளாகவே வீட்டுக்குப் போகிறாள். புத்தகத்தில் அவளுக்கு அது கிடைக்கவில்லை.

அந்தக் காலத்துல சட்டமே இல்லையா? ஒரு பிள்ளையை இப்படி வேலை வாங்கினா யாரும் கேக்க மாட்டாங்களா?

கேட்க ஆளில்லாத பிள்ளை என்பதுதான் விஷயமே. சேதி கொண்டுவந்த வழக்கறிஞர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சாராவைத் தெருவில் தள்ளிவிடப் போவதாக மிஸ் மின்சின் கொதிக்கிறாள். அவர் தடுக்கிறார். இரக்கத்தால் தடுக்கவில்லை. பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும், வைத்துக்கொண்டு வேலை வாங்கிக்கொள்ளுங்கள், புத்திசாலிப் பிள்ளை, வளர வளர நிறைய வேலை வாங்கலாம் என்கிறார். சட்டம் படித்தவர் வாயிலிருந்தே இது வருகிறது. பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது இந்த இடத்தில் நான் நிதானிப்பேன். கத்தும் மிஸ் மின்சினைவிட இந்த அமைதியான மனிதர் பிள்ளைகளை அதிகம் திடுக்கிட வைக்கிறார்.

இங்கிலாந்தில் 1880-இல்தான் பள்ளிக்குப் போவது கட்டாயமானது, அதுவும் முதலில் பத்து வயது வரைதான். பெக்கிக்குப் பதினான்கு வயது. சோறு பற்றாமல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைபோலத் தெரிவாள். கரி சுமப்பது, கணப்படுப்பைத் துடைப்பது, பூட்ஸுக்கு மை போடுவது எல்லாம் அவள் வேலை. யாருக்கும் அது தவறாகப் படவில்லை. எங்கோ தூரத்தில் நடந்த விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலேயே ஏழைச் சீனக் குடும்பங்களின் சிறுமிகளைக் காசு கொடுத்து வாங்கி வீட்டு வேலைக்கு வைத்திருந்தார்கள். 'முய் சாய்' என்று அவர்களைச் சொல்வார்கள். அதைக் கட்டுப்படுத்த 1932-இல்தான் இங்கே சட்டம் இயற்றினார்கள். நம் ஊரில் தொடக்கப்பள்ளி சட்டப்படி கட்டாயமானது 2003-இல்.

ரொட்டியைக் கொடுக்கிற இடம் நம்பற மாதிரியே இல்லை. பசியில இருக்கிற பிள்ளை யாராவது அப்படிக் கொடுக்குமா?

இந்தக் காட்சியை அவசரமாக வாசித்தால் அப்படித்தான் தோன்றும். மெதுவாக வாசியுங்கள். மழையும் சேறுமான நாள். நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடாத சாரா, ரொட்டிக்கடை வாசலில் நான்கு பென்னி நாணயம் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். கடைக்குள் போய், 'இதை நீங்கள் தொலைத்தீர்களா' என்றுதான் முதலில் கேட்கிறாள். இல்லை என்றதும் நான்கு ரொட்டி கேட்கிறாள். கடைக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்து ஆறு போட்டுக் கொடுக்கிறாள். வாசலில் அவளைவிட மோசமான நிலையில் ஒரு பிச்சைக்காரச் சிறுமி குந்தியிருக்கிறாள்.

சாரா ஆறையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒன்று. அந்தப் பிள்ளை அதை விழுங்குகிற வேகத்தைப் பார்த்துவிட்டு மேலும் மூன்று. நான்காவதை வைக்கும்போது சாராவின் கை நடுங்குகிறது என்று பர்னெட் எழுதுகிறார். பிறகு ஐந்தாவது. ஆறாவதைத் தனக்கு வைத்துக்கொண்டு, நெடுநேரம் வரட்டும் என்று சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்றபடி நடக்கிறாள். எனக்கு அந்தக் கை நடுக்கம்தான் காட்சியின் உயிர். அது இல்லாவிட்டால் சாரா ஒரு பொம்மை. நடுங்கிக்கொண்டே கொடுக்கிறாள் என்பதால்தான் நம்ப முடிகிறது. பசி என்றால் என்னவென்று தெரிந்த கை அது.

ஆளுக்கு மூன்று என்று ஏன் பங்கு போடவில்லை என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி, அவர்களே வாதாடட்டும். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சிறுமியைக் கடைக்காரம்மாவே சேர்த்துக்கொண்டு வளர்ப்பது தெரியவரும். பெயர் ஆன். அத்தியாயத்தின் தலைப்பும் அதுதான்.

ஒரு பையன் சாராவுக்குக் காசு கொடுக்கிறான், அவ ஏன் வாங்கத் தயங்குறா? கொடுக்கிறது நல்லதுதானே?

அந்தச் சதுக்கத்திலேயே குடியிருக்கும் பெரிய குடும்பத்துப் பையன், சின்னப் பிள்ளை. இவளைப் பிச்சைக்காரி என்று நினைத்து ஆறு பென்னியை நீட்டுகிறான். சாராவுக்கு முகம் சிவந்துவிடுகிறது. ஆனால் வாங்க மறுத்தால் அவன் மனம் நொந்துபோகும் என்று அவன் கண்ணைப் பார்த்ததும் புரிகிறது. நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறாள். கொடுத்தவன் சந்தோஷமாகப் போகிறான், வாங்கியவள் கூனிக் குறுகி நிற்கிறாள்.

முந்தைய கேள்வியில் சொன்ன ரொட்டியோடு இதைச் சேர்த்து வாசியுங்கள். அங்கே சாரா அந்தப் பிள்ளையின் பக்கத்தில் குனிந்து, பசிக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறாள். தீபாவளி சமயம் பிள்ளைகளோடு அன்பளிப்புப் பைகள் கொண்டுபோய்க் கொடுக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. கிளம்புவதற்கு முன் இந்த இரண்டு காட்சிகளையும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம். வாங்குபவரின் பெயரைக் கேட்கத் தோன்றும், கையில் பையோடு அவரைப் படம் எடுக்கத் தோன்றாது.

மிஸ் மின்சின் ஏன் இவ்வளவு கொடூரம்? அப்படியும் மனுஷங்க இருப்பாங்களா?

அவளும் பிழைப்பு நடத்துகிறவள்தான். சாராவின் பிறந்தநாளுக்கு அப்பாவின் பணம் வரும் என்று நம்பித் தன் கைக்காசைச் செலவழித்திருந்தாள். அத்தனையும் போயிற்று. அந்தப் பயம்தான் கோபமாகிறது. மன்னிக்கச் சொல்லவில்லை, பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்கிறேன்.

பர்னெட்டுக்கு இந்தப் பயம் வீட்டிலிருந்தே தெரியும். மான்செஸ்டரில் 1849-இல் பிறந்தவர். நான்கு வயது ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா கடையை எடுத்து நடத்தினார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று மான்செஸ்டரே படுத்துவிட்டபோது குடும்பமும் படுத்தது. 1865-இல் அமெரிக்காவின் டென்னசிக்குக் குடிபெயர்ந்தார்கள், அங்கும் வறுமைதான். பத்திரிகைகளுக்குக் கதை எழுதிச் சம்பாதிக்கத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இங்க பணக்காரன் ஏழைன்னு பெரிய வித்தியாசம் இல்லையே. பிள்ளைக்கு எப்படிப் புரியவைக்கிறது?

பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். டிசம்பர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், யார் எங்கே போனீர்கள் என்ற பேச்சு வருமே, அப்போது ஜப்பான் போன பிள்ளையின் முகத்தையும் கீழ்த்தளத்து விளையாட்டிடத்தைத் தாண்டாத பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். ஒரே வகுப்பில் கூட்டுரிமை வீட்டுப் (தனியார் கொண்டோமினியம்) பிள்ளையும் இருக்கும், வாடகை வீவக வீட்டுப் (அரசு அடுக்குமாடி) பிள்ளையும் இருக்கும். யாருக்கு எத்தனை துணைப்பாட வகுப்பு என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

கதையில் சாராவின் பணம் போனதும் கூட விளையாடிய பிள்ளைகள் மெல்ல விலகுகிறார்கள். லவீனியா போன்றவர்கள் வெளிப்படையாகவே ஏளனம் செய்கிறார்கள். படிப்பில் மந்தம் என்று எல்லோரும் ஒதுக்கிய எர்மென்கார்ட்தான் பரண் ஏறி வருகிறாள். உங்கள் வகுப்பில் எர்மென்கார்ட் யார் என்று கேளுங்கள், பிள்ளை பெயரோடு சொல்லும்.

நல்லவளா இருந்தா பணம் திரும்பி வரும்னு பிள்ளை முடிவு பண்ணிடுச்சு. சரியா?

சரியில்லை, ஆனால் அந்த முடிவுக்கு வர கதையே இடம் கொடுக்கிறது. சாராவுக்குப் பணம் திரும்பியது அவள் குணத்தாலா? கேரிஸ்ஃபோர்ட் தற்செயலாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததால். வேறு தெருவில் குடியேறியிருந்தால் சாரா அதே குணத்தோடு பரணிலேயே கிடந்திருப்பாள். பெக்கியும் சாரா அளவுக்கு நல்லவள், அவளைத் தேடி யாரும் ஐரோப்பா சுற்றவில்லை. இதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லலாம், தாங்கிக்கொள்ளும்.

இந்தியரைக் காட்டினாலே வேலைக்காரனாத்தான் காட்டுவாங்களா? கேரிஸ்ஃபோர்டோட இந்திய வேலைக்காரர் ராம் தாஸைப் படிக்கும்போது எரிச்சலா இருக்கு.

எரிச்சல் நியாயமானது. இந்தியா இந்தக் கதையில் வெயில், காய்ச்சல், சலாம் போடும் ஊழியர்கள், வைரம் என்ற அளவில்தான் இருக்கிறது. அந்த வைரத்தைப் பூமிக்குள் இறங்கித் தோண்டியது யார் என்று ஒரு வரிகூட இல்லை. சாராவின் சுகமும் அதில்தான் வருகிறது, கடைசியில் மீட்பும் அதில்தான் வருகிறது. இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை. நம் முன்னோரில் எத்தனையோ பேர் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் அடுத்தவர் செல்வத்தை உண்டாக்கியவர்கள். தோண்டியவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்காமல் யார் கேட்பது?

ஆனாலும் ராம் தாஸை ஒதுக்கிவிட வேண்டாம். கூரைச் சன்னல் வழியாகப் பார்த்து, அந்த வீட்டில் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று முதலில் கவனித்தவர் அவர்தான். குரங்கைப் பிடிக்க வந்தபோது சாரா இந்துஸ்தானியில் பதில் சொன்னதும் அவர் முகம் மலர்கிற இடம் அழகு. பரணை இரவோடு இரவாக உணவும் கம்பளியும் நெருப்புமாக மாற்றும் யோசனையும் முதலில் அவர் மனத்தில் உதித்ததுதான், பணம்தான் எஜமானருடையது. பெயரெல்லாம் கேரிஸ்ஃபோர்டுக்குப் போகிறது. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், சாராவைக் காப்பாற்றியவர் யார் என்று.

கடைசியில பெக்கி வேலைக்காரியாவேதானே இருக்கா? இது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். கதையின் தொடக்கத்தில், பணக்காரியாக இருக்கும்போதே, சாரா பெக்கியிடம் சொல்கிறாள்: நீயும் நானும் ஒன்றுதான், நான் நீயாகப் பிறக்காததும் நீ நானாகப் பிறக்காததும் தற்செயல். அதை விடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பிறகு இருவரும் பரணில் பக்கத்துப் பக்கத்து அறை. சுவரைத் தட்டிச் சைகையில் பேசிக்கொள்கிறார்கள், கிடைத்த சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

முடிவில் சாரா மாளிகைக்குப் போகிறாள். பெக்கியையும் கூப்பிட்டுக்கொள்கிறாள், தன் பணிப்பெண்ணாக. வயிறார உணவும் அன்பான எஜமானியும் கிடைக்கிறது, பெக்கிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த 'தற்செயல்' என்ற பேச்சை ஆசிரியர் கடைசிவரை கொண்டுபோகவில்லை. அவர் காலத்து வாசகருக்கு இதுவே பெரிய கருணையாகப் பட்டிருக்கும். எனக்கு அது போதவில்லை. சாராவை ஏன் பரணில் வைக்கக்கூடாது? அவள் உயர்ந்த வீட்டுப் பிள்ளை என்பதாலா, பிள்ளை என்பதாலா? பிள்ளை என்பதால் என்றால் பெக்கிக்கும் பள்ளிக்கூடம் வேண்டாமா? இந்தக் குறையை மறைத்து வாசிக்காமல், அந்த இடத்தில் நிறுத்திப் பேசினால் புத்தகம் இன்னும் பெரிதாகிறது.

எங்க வீட்டுல வேலை செய்யற அக்காவும் கூட உட்கார்ந்து கேக்குறாங்க. பெக்கி கதை வரும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நிறுத்திடவா?

நிறுத்தாதீர்கள். இங்கே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் வரும் சங்கடமில்லை இது. பெக்கிக்கும் அவருக்கும் வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லலாம். குறைந்தது 23 வயது ஆனவர்தான் இங்கே இந்த வேலைக்கு வர முடியும். 2013 முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டத்தில் இருக்கிறது. பணம் கொடுத்து அந்த நாட்களை ஈடுகட்டும் வழக்கம் இருந்ததால், மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயம் ஓய்வாகவே கொடுக்கவேண்டும் என்று 2023-இல் விதி வந்தது.

அப்புறம் பிள்ளை கேட்கும்: அக்கா ஏன் நம்மோடு மேசையில் சாப்பிடுவதில்லை, அக்கா தன் பிள்ளையைக் கடைசியாக எப்போது பார்த்தார். என்ன பதில் சொல்வீர்களோ, அதை அவர் முன்னாலேயே சொல்லும்படி இருக்கட்டும். சொல்ல முடியாத பதில் என்றால் வீட்டில் எதையாவது மாற்றவேண்டும் என்று அர்த்தம். கதை கேட்க அவருக்குப் பிடித்திருந்தால் ஒரு நாற்காலி போடுங்கள், அவர் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லச் சொல்லுங்கள்.

பெக்கிக்கு வேற முடிவு எழுதச் சொல்லலாமா? புத்தகத்தை மாத்துற மாதிரி ஆகாதா?

தாராளமாகச் சொல்லலாம். ஆசிரியரே ஒரு குறுங்கதையை நாடகமாக்கி, நாவலாக மாற்றியவர், பெக்கியையே இடையில்தான் கொண்டுவந்தார் என்று மேலே பார்த்தோம். பிள்ளைகள் எழுதும் முடிவுகளில் பெக்கி பெரும்பாலும் பள்ளிக்குப் போகிறாள். ஒரு சிறுமி அவளை ரொட்டிக்கடையில் ஆனோடு பங்காளியாக்கி, கடைக்கு இருவர் பெயரையும் வைத்துவிட்டாள். தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள், ஒரு பக்கம் போதும். றகர ரகரப் பிழைகளை அன்றைக்கே திருத்த உட்காராதீர்கள். எழுதியதை முதலில் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.